அடித்தல் திருத்தல்

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். மாணவர்கள் ஏழு, மேடம் ஒன்று. அறையில் இரண்டு நீள மேஜைகள், எதிரும் புதிருமாக. ஜன்னல் பக்க மேஜையில் முதலில் மீன் பண்ணைக்காரர். அவருக்கு அடுத்து, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா குத்தியிருக்கும் ஒருவன், இனிமேல் ரெட்டைப் பேனா என்று எழுதுகிறேன். அவனுக்கு அடுத்து நான். சுவர்ப் பக்க மேஜையில் சோப்புக் கம்பெனி அனுப்பிய இரண்டு பேர், ஒருவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்தான் முடிப்பார். அவர்களை அடுத்து எதைச் சொன்னாலும் தலையாட்டும் ஒரு அம்மா. கடைசியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், என் ரூம்காரி. மேடம் எங்கேயும் உட்காரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, இன்னும் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

இதே வரிசையை உனக்கு ஏற்கெனவே ஒரு தடவை எழுதிவிட்டேன். அந்தக் கடிதம் உனக்கு வராது. தபாலில் தொலையவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது. ஏன் வராது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், டீ போட்டு வைத்துக்கொண்டு படி. அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். குறட்டை என்று ஒரு இடத்தில் வரும். அப்போது அவர் முகத்தைப் பார்க்காதே, அது அவரைப் பற்றி இல்லை.

முதலில் படிப்பைப் பற்றி. ஆறு வாரம், தண்ணீர் பரிசோதனை. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், உனக்காக நம் பேச்சில் எழுதுகிறேன். எட்டு வருஷமாக ஆபீசில் நான் பண்ணுகிற வேலைதானே, அதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று நீ கேட்டாய். முதல் வாரம்தான் அந்த வேலை. அதற்குப் பிறகு ஐந்து வாரம் படகில் ஆற்றுக்குக் கூட்டிப் போய், எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்த நேரத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். எங்கள் ஆபீசர் வழியனுப்பும்போது சொன்னதும் அதுதான். "பாட்டில்ல இருக்கற தண்ணிய நல்லாத்தாம்மா டெஸ்ட் பண்றோம். அந்தப் பாட்டில நம்மாளு எருமை குளிக்கிற இடத்துல முக்கிட்டு வர்றான். அத மட்டும் கத்துக்கிட்டு வாங்க, போதும்."

ஆனால் ஏழு பேரும் ஆற்றுக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேடம் கதவில் ஒரு பட்டியல் ஒட்டுவார். அதில் இருப்பவர்கள் ஆற்றுக்கு. இல்லாதவர்கள் கீழ்மாடி ரூமுக்கு, பிப்பெட் என்கிற அளவுக் குழாயைப் பிடிப்பது எப்படி என்று முதலிலிருந்து. மூன்று தடவை விண்ணப்பம் போட்டு மூன்றாவது தடவை கிடைத்த இடம் அக்கா இது. எட்டு வருஷம் பிப்பெட் பிடித்த கையோடு கீழ்மாடிக்குப் போய்விட்டு ஊருக்கு வந்தால், ஆபீசர் முகத்தில் எப்படி முழிப்பது?

முதல் நாளே ஒரு கூத்து. மேடம் உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. நம் பள்ளிக்கூடத்தில் உட்கார் என்று சொன்னால்தானே உட்காருவோம், அவர் சொல்லவில்லை. அவருக்கு அந்த வழக்கமே தெரியாது. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து ரெட்டைப் பேனாவும் எழுந்தான், பிறகு தலையாட்டி அம்மா, பிறகு சோப்பு இரண்டு பேரும். என்னவோ ஏதோ என்று எல்லாரும் நின்றுவிட்டோம். மேடம் பேச்சை நிறுத்தி, "தீ ஏதாவது பிடிச்சிருச்சா?" என்றார். என்னைவிட ஐந்தாறு வயசு சின்னவராக இருப்பார். சிரிக்காமல் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை முதல் பரிசோதனை. தண்ணீரின் கடினத்தன்மை. எனக்கு இது தூக்கத்திலும் வரும். குடுவையில் தண்ணீரை எடுத்துச் சாயத்தைப் போட்டால் திராட்சைப் பழ நிறம். மேலே பியூரெட் என்கிற, அளவுக்கோடு போட்ட நீளக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டில் மொத்தத் தண்ணீரும் நீலமாக மாறும். அந்தச் சொட்டில் குழாயை மூடி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று படித்து எழுத வேண்டும். ஒரு சொட்டு கூடப் போனாலும் கணக்குத் தப்பு. ஆறு பாட்டில் தண்ணீர், ஒவ்வொன்றையும் மூன்று தடவை.

மேடம் ஆளுக்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு கொடுத்தார். பக்க எண் அச்சடித்த, வழவழப்பான நோட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உனக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டு. அத்தான் சயின்ஸ் குரூப் எடுக்காதவர், அவருக்காக எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் லேபில் பண்ணுவதை ரஃப் தாளில் கிறுக்குவோம். வீட்டுக்கு வந்து அதை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதுவோம். மூன்று தடவை பண்ணியதில் ஒத்து வந்தவற்றை மட்டும் எழுதுவோம். ஒத்து வராததை விட்டுவிடுவோம். அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் ஐந்து மதிப்பெண். என் நோட்டில் படம் வரைந்ததெல்லாம் நீதான், ஐந்துக்கு ஐந்து வாங்கியது நான்.

அதே மாதிரிதான் இங்கேயும் பண்ணினேன். ஆறு பாட்டிலுக்கு ஆறு ரஃப் தாள். சாயங்காலம் ரூமில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நீல மையில் எண், கறுப்பு மையில் தலைப்பு. ரூம்காரி எட்டிப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குக்கா" என்றாள். அவளும் நம் பேச்சுதான் பேசுவாள். ஆனால் வேறு தேசத்தில் பிறந்து வளர்ந்தவள், நம் எழுத்தை எழுதப் படிக்கத் தெரியாது. என்னை அக்கா என்று கூப்பிடுகிறாள். இத்தனை வருஷம் அந்த உத்தியோகம் உனக்கு மட்டும்தான் இருந்தது, இப்போது எனக்கும் கிடைத்திருக்கிறது.

நோட்டை முடித்ததும் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் காலியாக இருக்கிற தாளைக் குப்பையில் போட எனக்குக் கை வராது என்று உனக்குத் தெரியும். ஆறு ரஃப் தாளின் பின்பக்கமும் காலியாக இருந்தது. ஆறு பக்கம் உனக்கு எழுதினேன். கவரில் போட்டு ஒட்டி, புதன்கிழமை காலை விடுதியின் முன்மேஜைக்காரரிடம் கொடுத்தேன். அப்படியே போய் நோட்டை மேடம் மேஜையில் வைத்தேன். மற்றவர்கள் நோட்டெல்லாம் ஈரமும் கறையுமாக இருந்தது. ரெட்டைப் பேனாவின் நோட்டில் மூன்று பக்கம் நீலச் சாயம் சிந்தியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, அவனுக்காக.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு வகுப்பு முடிந்ததும் மேடம் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். என் நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"இத எப்ப எழுதினீங்க?"

"செவ்வாக்கிழமை சாயங்காலம், மேடம். ரூம்ல."

"டெஸ்ட் எங்க பண்ணீங்க?"

"இங்கதான்."

"இங்க நடந்தது, ரூம்ல எப்படி ஞாபகம் வந்துச்சு?"

"ரஃப் தாள்ல எழுதி வச்சிருந்தேன் மேடம்."

"அந்தத் தாள் எங்க?"

"எங்க அக்காவுக்குப் போயிடுச்சு."

அவர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "உங்க அக்காவும் தண்ணி டெஸ்ட் பண்றவங்களா?"

"இல்ல மேடம். தையல் கடை வச்சிருக்காங்க."

விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பக்கத்தைத் திருப்பி நாலாம் பாட்டிலைக் காட்டினார். பதினொன்று புள்ளி நாலு, பதினொன்று புள்ளி நாலு, பதினொன்று புள்ளி நாலு. மூன்றும் அணிவகுப்பு மாதிரி நின்றன.

"நான் உங்க பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். இந்தத் தண்ணிய நாலு தடவை பண்ணீங்க. நோட்டுல மூணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"அது தப்பாப் போச்சு மேடம். அதான் எழுதல."

"தப்புன்னு யாரு முடிவு பண்ணது?"

"நான்தான்."

"எழுதியிருந்தா நானும் பாத்து, ஆமா தப்புதான்னு சொல்லியிருப்பேன். இப்ப எத வச்சுச் சொல்றது? எல்லா எண்ணும் ஒண்ணு போல இருக்கு, ஒரு அடித்தல் கூட இல்ல. இது பண்ணிட்டு எழுதினதா, எழுதிட்டுப் பண்ணதா? எனக்குத் தெரியல. எப்பவுமே அங்கேயே, அப்பவே, மையில எழுதணும். தப்பாப் போனா ஒத்தக் கோடு. அடிச்சது என்னன்னு படிக்க முடியணும். அதுதான் நோட்டு. திங்கக்கிழமையே சொன்னேனே?"

திங்கட்கிழமை சொல்லியிருக்கிறார். அப்போது நான் நின்றுகொண்டு, உட்காரலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்குப் பன்னண்டு மணிக்குப் பட்டியல். அதுக்குள்ள அந்தத் தாள் வந்தா பாக்கறேன். வரலைன்னா உங்கள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. அங்க நான் பின்னாடி நிக்க மாட்டேன், உங்க நோட்ட மட்டும்தான் நம்பணும்."

திட்டவில்லை அக்கா. திட்டியிருந்தால் தேவலை. எட்டு வருஷத்தில் என்னை யாரும் பொய்க்கணக்கு எழுதுகிறவள் என்று நினைத்ததில்லை. ரூமுக்கு வரும்போது எனக்குப் பயமாக இருந்தது. (மேலே ஒரு கோடு போட்டிருக்கிறேன் பார், முதலில் 'பயமாக இல்லை' என்று எழுதினேன். ஒற்றைக் கோடுதான், படிக்கலாம்.)

ரூம்காரி கட்டிலில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, கீழ போட்ட தட்டு மாதிரி முகம் இருக்கு?"

சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"லெட்டர் எப்ப குடுத்தீங்க?"

"நேத்து காலைல."

"தபால் வண்டி தினமும் வராதுக்கா. வியாழக்கிழமை அஞ்சு மணிக்குத்தான் வரும், அந்த மேஜை மேலேயே எழுதி ஒட்டியிருக்கு. மணி என்ன?"

நாலேமுக்கால். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். மூன்று மாடி. அவள் எனக்கு முன்னால் ஓடினாள், லெட்டர் அவளுடையது போல.

முன்மேஜைக்காரர் கைத்துண்டால் தொலைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க, கவரைத் திருப்பித் தரச் சொன்னேன்.

"பெட்டிக்குள்ள போட்டதுக்கு அப்புறம் அது தபால்காரங்க சொத்து. நானே என் லெட்டர எடுக்க முடியாது."

"இது ரொம்ப முக்கியம்ங்க, உள்ள பரிசோதனைக் கணக்கு இருக்கு."

"எல்லா லெட்டரும் முக்கியம்தான். இல்லன்னா ஏன் எழுதப் போறாங்க?" துண்டை மடித்தார். "எந்த ரூம்?"

சொன்னோம்.

"ஓ, நீங்களா? உங்களுது பெட்டிக்குள்ளேயே போகலையே. எடை ஜாஸ்தி, ஸ்டாம்பு பத்தல. அன்னைக்கே உங்க ரூம் பெட்டில சீட்டு வச்சேன், பாக்கலையா?"

பார்த்தேன் அக்கா. சலவைக்கடைச் சீட்டு என்று நினைத்து, படிக்காமல், அதன் பின்பக்கத்தில் உனக்கு வாங்க வேண்டிய நூல்கண்டு நிறங்களைக் குறித்து வைத்திருந்தேன்.

"ஆனா ஒண்ணு," என்றார். "இது உங்களுதுன்னு நான் எப்படி நம்பறது? அனுப்பினவங்க பேரு எங்கயும் இல்ல, விலாசம் மட்டும் ஒரு முழத்துக்கு இருக்கு." கவரை இழுப்பறையிலிருந்து எடுத்து எனக்குத் தெரியாமல் மறைத்துப் பிடித்துக்கொண்டார். "அந்த விலாசத்த இதுல எழுதிக் காட்டுங்க."

எழுதினேன். ஏழு வரி. கடைசி இரண்டு வரி 'தபால் ஆபீஸ் எதிரில், மாடியில், படிக்கட்டு பக்கவாட்டில் இருக்கிறது' என்பது. கவரையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து தெரியாததால் படம் பார்ப்பது போலப் பார்த்தார். "ஆமா, அதே கோலம்தான்," என்று கொடுத்தார். அவர் வாங்கிய அன்றே கவரின் மூடியில் தேதி முத்திரை குத்தியிருந்தார். புதன்கிழமை.

நான் அங்கேயே பிரிக்கப் போனேன். ரூம்காரி கையைப் பிடித்துக்கொண்டாள். "பிரிக்காதீங்க. பிரிச்சா, இப்பதான் உக்காந்து எழுதினீங்கன்னு சொல்லுவாங்க. முத்திரையோட குடுங்க." இருபத்தாறு வயசு. வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

இன்று காலை ஒன்பதரைக்கு ஏழு பேரும் இருக்கும்போதே கவரை மேடம் மேஜையில் வைத்தேன். உட்கார்ந்த வரிசை திங்கட்கிழமை மாதிரியேதான், ஆனால் இப்போது எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு. மேடம் முத்திரையைப் பார்த்தார். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டி, ஆறு தாளையும் எடுத்து, எண் இருக்கிற பக்கம் மேலே வரும்படி மேஜையில் பரப்பினார். நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்று, சரி. நாலில் நிறுத்தினார்.

பதினொன்று புள்ளி நாலு. அடுத்து பன்னிரண்டு புள்ளி ஒன்று, குறுக்கே கோடு. அடுத்து மறுபடியும் பதினொன்று புள்ளி நாலு, இரண்டு தடவை. கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி.

"இது என்ன எழுதியிருக்கு?"

"நிறம் தாண்டிடுச்சு. ரெட்டைப் பேனா பேனாவக் கீழ போட்டான், திரும்பிட்டேன்னு எழுதியிருக்கேன், மேடம்."

"ரெட்டைப் பேனா யாரு?"

ஆறு பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தான்.

"செவ்வாக்கிழமை பேனா கீழ விழுந்துச்சா?" என்றார் மேடம் அவனிடம்.

"ரெண்டு தடவை விழுந்துச்சு," என்றான். "வேற வேற பேனா."

மேடம் ஒட்டும் டேப்பை எடுத்தார். "இந்த ஆறும் நோட்டுல ஒட்டணும். இதுதான் உண்மையான நோட்டு, அது வெறும் அழகு. ஒரு ஓரம் மட்டும் ஒட்டுங்க, ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்கற மாதிரி. ரெண்டு பக்கத்துலயும் நான் கையெழுத்துப் போடுவேன்." பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார். "பின்பக்கம் என்ன?"

"லெட்டர் மேடம்."

"படிச்சுச் சொல்லுங்க. நான் படிக்காததுல கையெழுத்துப் போட மாட்டேன்."

அக்கா, என் நிலைமையை யோசித்துப் பார். ஆறு பக்கம். அதில் அந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

முதலில் நம் பேச்சில் ஒரு வரி படிப்பது, பிறகு இங்கிலீஷில் சொல்வது என்று ஏற்பாடு. நான் சரியாகச் சொல்கிறேனா என்று ரூம்காரி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதல் பக்கம் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது. அதை மேடம் நின்ற இடத்திலிருந்தே சரிபார்த்து, "ம், சரியா இருக்கு" என்றார். இரண்டாம் பக்கம் அவரைப் பற்றி.

'எங்கள் மேடம் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பார். சிரித்தால் சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.' இதைப் படித்தேன். பிறகு இங்கிலீஷில், "எங்க மேடம் நல்ல உயரம். பொறுப்பானவங்க" என்றேன்.

ரூம்காரி இருமினாள்.

மேடம் அவளைப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

ரூம்காரி என்னைப் பார்த்தாள். தாளில் இருப்பது வேறு, நான் சொன்னது வேறு. மறுபடியும் ரெக்கார்டு நோட்டு. எனக்கே காது சுட்டது.

"இல்ல மேடம்," என்றேன். "ஒட்டடைக்குச்சி மாதிரின்னு இருக்கு."

"அப்படின்னா?"

"கூரைல இருக்கற சிலந்தி வலையத் தட்டற நீளக் கம்பு." சம்பளத்தைப் பற்றியும் சொன்னேன்.

மீன் பண்ணைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. மேடம் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சம்பளம் பிடிக்க மாட்டாங்க. எனக்கே சிரிப்பு வராது, அவ்வளவுதான். அடுத்து?"

அடுத்து மூன்றாம் பக்கம். இதைத்தான் நான் கடைசி வரைக்கும் தவிர்க்கப் பார்த்தேன். ஆனால் ஒன்றை ஒளித்து மாட்டிக்கொண்ட பிறகு இன்னொன்றை எப்படி ஒளிப்பது? துணிந்து படித்தேன். 'என் ரூமில் ஒரு குறட்டை ராணி இருக்கிறாள். படுத்த இரண்டாவது நிமிஷம் மோட்டார் போட்டது மாதிரி ஆரம்பிப்பாள். அத்தான் பக்கத்து ரூமில் இருப்பது போலவே இருக்கிறது, ஊர் ஞாபகமே வரவில்லை.' (அத்தானைப் பார்க்காதே என்று சொன்னேனே.)

"யாருக்கா அது?" என்றாள் ரூம்காரி. அவளுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

"நீதான்."

"நானா? நான் குறட்டையே விட மாட்டேன்."

"சரியாப் படிச்சாங்களா?" என்றார் மேடம் அவளிடம்.

"சரியாத்தான் படிச்சாங்க மேடம். எழுதினதுதான் தப்பு."

"தப்பா இருந்தா ஒத்தக் கோடு போட்டு, பக்கத்துல உங்க கருத்த எழுதலாம்," என்றார் மேடம். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தலையாட்டி அம்மா முதல் தடவையாகத் தலையைக் குறுக்கே ஆட்டினார்.

நாலாம் பக்கம் வந்ததும் எனக்குக் குரல் இறங்கியது. அதில் யாரைப் பற்றியும் இல்லை. 'அக்கா, இன்றைக்கு நாலாவது பாட்டிலில், பேனா விழுந்த சத்தத்துக்குத் திரும்பிவிட்டேன். சொட்டைத் தாண்டிவிட்டேன். எட்டு வருஷமாகத் தாண்டாதவள். யாராவது பார்த்திருப்பார்களோ என்று வெட்கமாக இருந்தது. அதை நோட்டில் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.' இதை வரிக்கு வரி சொன்னேன், ஒன்றையும் விடாமல்.

மேடம் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். "எனக்குச் சொல்ல வேண்டியத அக்காவுக்குச் சொல்லியிருக்கீங்க," என்றார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதினார். ஐந்தும் ஆறும் சாப்பாடு, குளியலறை, உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது. அதற்கும் கையெழுத்துப் போட்டார். முடிக்கும்போது மணி பதினொன்றே கால்.

ஆக, உன் கடிதம் இப்போது என் நோட்டில் ஆறு இடத்தில் ஓரம் ஒட்டப்பட்டு, இரண்டு பக்கமும் மேடம் கையெழுத்தோடு இருக்கிறது. படிப்பு முடிந்தால்தான் நோட்டு என் கைக்கு வரும். உன் முதுகுவலியைப் பற்றி விசாரித்தது அரசாங்கப் பத்திரம் மாதிரி ஆகிவிட்டது.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் ஒட்டினார். ஐந்து பேர் ஆற்றுக்கு. சோப்புக் கம்பெனி இரண்டு பேரும் கீழ்மாடிக்கு. அவர்களுக்கு வருத்தமில்லை. "எங்களப் பிரிச்சிருந்தாத்தான்," என்று ஒருவர் ஆரம்பிக்க, "கஷ்டமா இருந்திருக்கும்," என்று மற்றவர் முடித்தார். ஐந்தாவது வரியில் நான் இருந்தேன். மற்ற நாலு வரிக்கும் பக்கத்தில் ஒன்றும் இல்லை. என் வரிக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில், 'படகில் நோட்டு எழுதுவது இவர்' என்று போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மேடம் பின்னால் வந்தார்.

"தனித் தாள் கூடாது," என்றார்.

"சரி மேடம்."

"பேனா விழுந்தா அதையும் எழுதுங்க."

"சரி மேடம்."

"அப்புறம், நான் வரும்போது எந்திரிக்காதீங்க. படகு கவிழ்ந்துடும்."

சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றார், நான் சிரிக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. சிரித்தேன்.

இப்போது மணி ஆறரை. இங்கே வெயில் இன்னும் சுவரில் இருக்கிறது, விளக்குப் போடவில்லை. மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஆபீசருக்குத் தனியாக ஒரு வரி எழுதிப் போட்டாயிற்று. திங்கட்கிழமை ஏழு மணிக்குப் படகுத்துறையில் இருக்க வேண்டும். மழைச்சட்டை அவர்களே தருகிறார்கள், தொப்பி நாம் கொண்டு போக வேண்டும். நீ வற்புறுத்தித் திணித்த தொப்பியைத்தான் சொல்கிறேன், வேண்டாம் என்று சண்டை போட்டதற்கு மன்னித்துக்கொள்.

இந்தக் கடிதத்தை நான் பிரதி எடுத்து எழுதப் போவதில்லை. பதினோரு இடத்தில் அடித்தல் இருக்கிறது, எண்ணிவிட்டேன். இரண்டு இடத்தில் ஆப்பிள் ஈரம். ஐந்து மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்.

ரூம்காரி என் தோளுக்கு மேல் நின்று, தன் தரப்பையும் எழுதச் சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், ஒரு எழுத்தும் மாற்றவில்லை: 'வணக்கம் அக்கா. நான் குறட்டை விடறதில்ல. உங்க தங்கச்சிதான் தூக்கத்துல மேடம் மேடம்னு சொல்றாங்க. சாட்சிக்கு ஆள் இருக்கு.' சாட்சி யார் என்று கேட்டேன். அவளேதானாம்.

அத்தானுக்கு என் வணக்கம். நூல்கண்டு நிறங்கள் எழுதிய சீட்டு பத்திரமாக இருக்கிறது, வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை

கவரின் பின்பக்கத்தில்: ஒட்டிவிட்டேன். இன்னொன்றும் எழுத வேண்டும் என்று நினைத்து மறுபடி பிரிக்கப் பார்த்தேன், ரூம்காரி பசைப்புட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முன்மேஜைக்காரர் தராசில் வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை ஸ்டாம்பு சரியாக இருக்கிறதாம். "இதுல என்ன பரிசோதனை?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, வெறும் லெட்டர்தான் என்றேன். அதற்கும் தேதி முத்திரை குத்தி, என் கண் எதிரிலேயே பெட்டிக்குள் போட எழுந்து நிற்கிறார், கவரைக் கொடுத்துவிடுகிறேன்.